பதினோராம் பக்கம்

மொந்தேவிதேயோவில் எங்கள் பத்திரிகைக்கு
சாவு எப்போதும் பதினோராம் பக்கம்.
உயிரோடிருப்பவர்களுக்கான இரங்கல் குறிப்பை
முன்கூட்டியே எழுதி வைப்பது என் வேலை.
பச்சை இரும்பு அலமாரி, மூன்றாவது இழுப்பறை:
நூற்றுப் பதினான்கு பேர்.
இன்று காலையும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவியிருப்பார்கள்.

வில்மார் எச்சேகோயனுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது.
ஆகஸ்டு தோறும், பிறந்தநாள் மாலையில்
தொலைபேசி அடிக்கும்.
"செத்துவிட்டேனா, பார்த்துச் சொல்."
இன்னும் இல்லை என்பேன்.
"சரி, வாசி."

வாசிக்க வாசிக்க அந்தப் பக்கம்
மாத்தே உறிஞ்சும் சத்தம்.
மனைவியர் எண்ணிக்கையைத் திருத்துவார்.
'மாபெரும்' என்ற சொல்லை எடுக்கச் சொல்வார்,
மறுவருடம் திரும்பப் போடச் சொல்வார்.
கார்னிவல் மேடையில் பாதி முகத்துக்கு மட்டும் சாயம் பூசி
நாற்பத்தொரு வருடம் ஓர் ஊரைச் சிரிக்க வைத்தவர்.
ராணுவம் ஆண்ட நாளில்
நாற்காலியில் உட்காரத் தெரியாத தளபதியாக
ஒரு வார்த்தை பேசாமல்
ஒன்பது நிமிடம் உட்கார முயன்றார்.
கடைசிவரை உட்காரவில்லை.
மறுநாள் அவரை உட்கார வைத்தார்கள்,
ஜன்னல் இல்லாத அறையில், பதினேழு நாள்.

"அதை எழுதாதே.
எழுதினால் தியாகி என்று நினைத்து
சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்."

ஒதிலியா பராச்சினி ஒருமுறைகூட அழைத்ததில்லை.
முப்பத்தாறு துப்பறியும் நாவல்கள்,
எல்லாக் கொலையும் துறைமுகத்தை ஒட்டிய நாலு தெருவுக்குள்.
என் பல்வைத்தியர் அங்கிருந்து கடையை மாற்றிக்கொண்டார்.
முப்பத்தேழாவது எங்கள் ஞாயிறு இதழில் தொடராக வந்தது.
பதினெட்டாம் வாரம்
மருந்துக்கடைக்காரரின் குடை தரையில் சொட்டுகிறது.
வெளியே மழை இல்லை.
தொடரும்.

இருவரும் ஒரே செவ்வாய்க்கிழமை போனார்கள்.
வில்மார் விடியலில்,
ஒதிலியா மதியத் தூக்கத்தில்.
பக்கத்தில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம்.
கீழ்ப்பாதி சலவை இயந்திர விளம்பரம்,
வருடக் கட்டணம் கட்டிவிட்டார்கள்,
அசைக்க முடியாது.

வில்மாரின் தாளில்
போன ஆகஸ்டில் அவர் சொல்லச் சொல்ல
நான் பென்சிலில் குறித்த வரி:
"அன்றைக்கு என்னைவிட நல்லவர் யாராவது செத்தால்
என் இடத்தை அவருக்குக் கொடு.
மோசமானவர் செத்தால்
அவரை நாளைக்கு வரச் சொல்."

ஒதிலியாவின் தாளில் பிறந்த வருடமே தப்பு.
பக்கம் கட்டும் குரூஸ் ஒன்றுதான் கேட்டான்:
"கொலைகாரன் யாரென்று எழுதி வைத்திருக்கிறாளா?"
இல்லை.

ஆளுக்குப் பாதிப் படம் என்று முடிவானது,
நடுவில் ஒரு கோடு.
அச்சில் கோடு காணாமல் போனது.
காலையில் பார்த்தால்
ஒரு பக்கம் சாயம், ஒரு பக்கம் மூக்குக்கண்ணாடி,
யாரோ மூன்றாம் ஆள் செத்திருந்தார்.
நாள் முழுக்கத் தொலைபேசி.
இவர் யார், தெரிந்த முகமாக இருக்கிறதே என்றார்கள்.
ஒரு பெண்மணி அழுதேவிட்டாள்.
இதைச் சொல்ல நம்பரைச் சுற்றப் போனேன்,
வில்மாரின் நம்பரை,
நாலாவது எண் வரை.

அடக்கத்தில் யாரோ ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து
சவப்பெட்டிக்கு அருகே வைத்தார்கள்.
வயதானவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.
இளசுகள் என்னவென்று கேட்டதற்கு
பதில் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை.
ஒதிலியாவுக்கு ஆறு பேர்.
அதில் இருவர் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்தபடி.

பிறகு வழக்கம்போல மற்றவர்களும் போனார்கள்.
இழுப்பறையில் இப்போது நூற்று ஒன்பது.

நேற்று அறுபத்துநாலாம் நம்பர் பஸ்.
வானம் துடைத்துவிட்டது போலிருந்தது.
ஒருவர் ஏறினார்,
கையில் சொட்டச் சொட்ட ஒரு கறுப்புக் குடை.
பேச்சு நின்றது.
ஓட்டுநர் கண்ணாடி வழியே பார்த்தார்.
மடியில் மீன் கூடை வைத்திருந்தவள்
ஓர் இருக்கை நகர்ந்தாள்.

"கழுவினேன்" என்றார் அவர்,
யாரும் கேட்காமலே.