பத்தாவது நிறம்

முனீரா மேடம் தந்த அட்டையில் ஒன்பது நிறம்.
எலுமிச்சைக் கொம்பில் உள்ளங்கை அளவு அடை.
கவிழ்த்த பெயின்ட் டப்பாவின் மேல் நான்.
வந்திறங்கும் ஒவ்வொரு தேனீயின்
பின்னங்காலையும் பார்த்துக் கோடு போட வேண்டும்,
காலை ஏழு முதல் எட்டரை வரை.

அரிசிமாவு வெள்ளை என்றால் பேரீச்சை.
ஆண் மரத்தோடு சரி,
பெண் மரம் பக்கம் தலை வைப்பதில்லை இவை;
அதற்குத்தான் பாளையை இடுப்பில் செருகி
நான் ஏறுகிறேன், மரத்துக்கு இருநூறு பைசா.
பச்சை கலந்த பழுப்பு, குதிரைமசால்.
செவ்வாய்க்கிழமை அதற்கு மருந்தடித்தோம்.
புதன்கிழமைக் கட்டத்தில் மூன்றே கோடு.

வியாழன்
அட்டையில் இல்லாத நிறம்:
நாட்டுக்கோழி முட்டையின் மஞ்சள்கரு.
ஒன்று, நாலு, பதினேழு.
அவை திரும்பும் திசையில் கழுத்து நோக நடந்தால்
வாழை வரிசை தாண்டி, பம்ப்செட் தாண்டி,
சுவைக் போகும் மண்பாதை தாண்டி
எங்கள் கேம்ப்புக்கே வந்து நிற்கிறேன்.
டேங்க் ஒழுகும் ஈரத்தில்
நெருஞ்சி.
போன வாரம் என் செருப்பைத் துளைத்த அதே நெருஞ்சி.
பூவுக்கு ஒன்றாய்
சின்னச் சின்னப் பின்புறங்கள் ஆடுகின்றன.

சனிக்குள் வெட்டச் சொல்லி
அர்பாப் கொடுத்த பட்டியலில் இதுவும் உண்டு.
மண்வெட்டி என்னுடையது.

சாயங்காலம் மேடம் கேட்டார்,
இது எங்கிருந்து, மாசிலாமணி?
தெரியலை மேடம் என்றேன்.
பத்தாவதாக ஒரு கட்டம் வரைந்து
கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை
வாசல் பக்கம் மட்டும் வெட்டினேன்.