விளக்குக் கோபுரம் நான்கு

ருஸ்தாவியில், எஃகு ஆலைக்காரர்களின் பந்தாட்ட மைதானத்துக்கு
மின்கணக்கு எடுக்கப் போய்வந்தவன் நான்.
இருபத்தொன்பது வருடம்.

ஆட்டம் நடந்த காலத்தில் வேலை சுளுவு:
நாலு கோபுரம், நாலு மீட்டர்.
சொந்த அணி வென்றாலும் தோற்றாலும்
சக்கரம் ஒரே வேகத்தில்தான் சுற்றும்.
மின்சாரத்துக்குக் கட்சி கிடையாது என்று
பேரேட்டின் ஓரத்தில் எழுதிவைத்து
மேலாளரிடம் திட்டு வாங்கினேன்.

பிறகு ஆலையில் சம்பளம் நின்றது.
கடலோரச் சண்டையில் வீடிழந்தவர்கள்
லாரிகளில் வந்து இறங்கினார்கள்.
உடைமாற்றும் அறையில் பதினோரு குடும்பம்,
மாற்று ஆட்டக்காரர் இல்லாத ஓர் அணி.
நடுவர் அறையில் அந்தக் குளிரில்
ஒரு பெண்குழந்தை பிறந்தது,
இரு பக்கமும் கேட்கிற மாதிரி அழுதது.

கிழக்குப் படிவரிசையின் அடியில்
எத்தேரி ஷோனியா
நாலாம் கோபுரத்தின் கேபிளைக் கீறி
ஒரு மின்னடுப்புக்கு வழி பண்ணிக்கொண்டாள்.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.
மீட்டர் பார்த்துவிட்டது.

பில் போனது:
'விளக்குக் கோபுரம் 4'.
கட்டினாள். ரசீது கேட்டு வாங்கினாள்.
அரங்கக் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு.
"ராத்திரி ஆட்டமா நடத்துறேன்?
சோளக்களிதானே கிண்டுறேன்!"
மாதாமாதம் இதே கேள்வி.
மனு எழுதிக் கொடுத்தேன்.
மைதானத்தில் வீடுகள் இல்லை என்று பதில் வந்தது.

நடுவட்டத்தில் பழைய கார்ச் சந்தை வந்தது.
கோல் கம்பத்தில் டயர்கள் தொங்கின.
எண்ணெய் குடித்துப் புல் கருத்தது.
ஒரு வசந்த காலத்தில் கிளப் செயலாளர்
கோபுரங்களை அறுத்து எடைக்குப் போட்டுவிட்டு ஊரைவிட்டே போனார்.
கோபுரம் போனது, பில் போகவில்லை.
இல்லாத விளக்குக்கு எத்தேரி
பதினான்கு வருடம் பணம் கட்டினாள்.

இப்போது குடியிருப்பு.
படிவரிசைகளை வெட்டி பால்கனி வைத்திருக்கிறார்கள்.
விளம்பரப் பலகையில் சிரிக்கிற குடும்பம்
இங்கே யாருக்கும் உறவில்லை.
வழக்குப் போட்டு, உள்ளே இருந்தவர்களில்
ஏழு குடும்பம் வீடு வாங்கியது.
எத்தேரிக்குத் தரைத்தளம்.
கார்னர் கிக் அடிக்கும் மூலையில் அவள் சமையலறை.

புது மீட்டர்கள் தாமே கணக்குச் சொல்லிக்கொள்ளும்;
எனக்கு வேலை முடிந்தது.
கடைசி நாள்
அவள் பெயரில் வந்த முதல் பில்லை நானே கொண்டுபோனேன்.

கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தாள்.
"என் பேர்தான்.
அப்போ கோபுரத்துக்கு
இனி யார் கட்டுறது?"

பாக்கி எதுவும் இல்லை என்றேன்.
நம்பவில்லை.
பழைய ரசீதுக் கட்டை எடுத்து வந்து
மேசையில் வைத்து
நூலை அவிழ்க்கத் தொடங்கினாள்.