இடிச்சக்கை பன்

கப்பலில் எனக்குத் துணி வெளுக்கும் வேலை.
சமையல்கட்டின் வாசலைத் தாண்டியதில்லை.
ஹொனலூலுவில் கரையிறங்கிய நாலு மணி நேரத்தில்
ரோஸ் நிற அட்டைப்பெட்டியில் ஆறு பன் வாங்கி
நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து
ஐந்தைத் தின்றேன்.
ஆறாவதைப் பிய்த்துப் பார்த்தேன்,
கறி எப்படி உள்ளே போனதென்று.

அந்த ஒரு பார்வைதான்
என் கைவசமுள்ள செய்முறை.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
தாசையன் பேக்கரியின் போர்மா
மதியத்துக்கு மேல் சும்மா கனன்றுகொண்டிருக்கும்.
"வெறகுக்காசு நீ குடு" என்றார்.
கொடுத்தேன்.
மாவு பிசைய இஸ்மாயில்,
பாறசாலையிலிருந்து வருகிறவன்,
முழங்கை வரை பழைய தட்டுச்சூட்டுத் தழும்புகள்.

பாலும் வெண்ணெயும் சீனியும் சேர்ந்த மாவு
அவன் கைக்கு உடனே அடங்கியது.
உள்ளே என்ன வைப்போம் என்று கேட்டான்.
அங்கே வைத்தது சிவக்கச் சுட்ட பன்றி, என்றேன்.
மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்:
"நான் ருசி பாக்காத்த ஒரு சாதனமும்
இந்த அடுப்பில கேறாது அண்ணே."
கோபமில்லை.
உப்பு எங்கே என்று கேட்கிற அதே குரல்.

கோழி என்றேன், உடனே விழுங்கினேன்:
வீட்டில் ஷோபிக்குத் தவக்காலம்,
ஈஸ்டர் வரை இறைச்சி தொடமாட்டாள்,
முதல் பன் அவளுக்கென்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
மீன் வைத்தால் முள், என்றார் தாசையன் கல்லாவிலிருந்து.
மரச்சீனி வைத்தால் பன்னுக்குள் இன்னொரு பன்.
பேச்சு தீர்ந்து மூன்று பேரும் வெளியே பார்த்தோம்.
கொல்லையில் பிலா நின்றது,
அடிமரத்திலேயே
முஷ்டி முஷ்டியாய் இடிச்சக்கை.

கத்திக்கு எண்ணெய் தடவியும் பிசின் விடவில்லை.
வேகவைத்து, இடித்து, நாராக்கி,
இஞ்சி பூண்டு சோயா சாஸ் ஊற்றி,
கருப்பட்டி நுணுக்கி, நல்லமிளகு தூவி,
சிவப்புக்குக் காஷ்மீர் மிளகாய் போட்டு
சோளமாவில் இறுக்கினேன்.
இறைச்சி போலவே இருந்தது.
இறைச்சியை ஞாபகமிருக்கிறவனுக்கு.

அவசரத்தில் சூடாகவே பொதிந்தேன்.
எட்டில் ஆறு வாய் பிளந்து
தட்டெல்லாம் கக்கின.
தாசையன் ஒன்றும் சொல்லாமல்
தட்டைச் சுரண்டித் தின்றார்.

"ஆறட்டும்" என்றான் இஸ்மாயில்.
"ஓரம் மெலிசா, நடு தடிமனா பரத்தணும்.
சுருக்கு அடியில இருக்கட்டும்.
கனத்தில தானே மூடிக்கிடும்."

சரி, ருசி பார் என்று கரண்டியை நீட்டினேன்.
அவன் ஜன்னலுக்கு வெளியே வெயிலைக் காட்டினான்.
நோம்பு, அன்று பதினொன்று.
ருசி பார்க்காமல் எதுவும் அடுப்பேறாது என்றவனுக்கு
ஆறரை மணி வரை நாக்கில்லை.
குனிந்து முகர்ந்தான்.
"உப்பு குறவு."
நக்கிப் பார்த்தேன். குறைவுதான்.
"இண்ணு மட்டும் மூக்கு போதும்,
போர்மா ஆறிப்போகும்" என்று
அவனே தள்ளினான் தட்டை.

இருபது நிமிடம்.
வெளியே எடுத்தபோது பன்னிரண்டும் முழுசு,
மேலே முட்டை பூசிய மினுமினுப்பு.
மானாபுவா என்று அந்த ஊர்ப் பேரைச் சொன்னேன்.
தாசையன் சிலேட்டில் எழுதியது: கப்பல் பன், 20.

வாங்கு கேட்டது.
ஒரு பேரீச்சை, ஒரு கிளாஸ் தண்ணீர்.
பிறகு பன்னை எடுத்து, கடிக்காமல்,
பிய்த்து உள்ளே பார்த்தான் இஸ்மாயில்.
நெடுநேரம் மென்றான்.
"மதுரம் கூடிப்போச்சு.
நாளைக்குக் கருப்பட்டி பாதி போதும்."

நாளைக்கு என்றான்.

நெய்யாற்றின்கரை வண்டிக் கண்டக்டர்
சாயா கிளாஸோடு எட்டிப் பார்த்தார்.
"உள்ளில் எந்தா?"
"சக்கை."
"எங்க வீட்டில பசுவே வேண்டாண்ணு சொல்லுது,
அதுக்கு இருபது ரூபாயா?"
சிரித்துக்கொண்டே ஒன்று வாங்கிப் போனார்.

வண்டி திரும்புகையில் படிக்கட்டிலிருந்து
இரண்டு விரலைத் தூக்கினார்.
இன்னும் ரெண்டு வேண்டும் என்றாரா,
விசிலடிக்க விரலை வாய்க்குக் கொண்டுபோனாரா,
தெரியவில்லை.

ஷோபிக்கு ஒன்று போக
ரெண்டைத் தனியே எடுத்து வைத்தேன்.