பதினேழாவது கறை

விக்ரோலியில் ஆறாவது மாடி, இரவு ஷிஃப்ட்.
ஏ.சி. குளிருக்கு அண்ணனின் கம்பளிச் சட்டை.
திரையில் ரிபின்ஸ்க்:
வோல்கா கரையில்
நூற்றிருபது வருடங்களாக முடியாத
ஒரு மதியம்.

பூஞ்சை, கீறல், விரல்ரேகை.
கண்ணாடித் தகடுகளில் படிந்ததையெல்லாம்
துடைத்துத் தர வேண்டும்.
படம் ஒன்றுக்குப் பதினொரு ரூபாய்.

ஊர் எனக்குப் பழகிவிட்டது.
மணிக்கூண்டு, தானியச் சந்தை,
மூன்றாம் படி உடைந்த மாவுக்கடை.
படகோடு படகு உரச நிற்பதில்
ஆறு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.
கால் நனையாமல் அக்கரை போகலாம்.
(நான் இன்னும் அலிபாக் கூடப் போனதில்லை.)

இன்றைய தகட்டில்
மென்பொருள் பதினாறு கறைகளை வட்டமிட்டது.
பதினாறும் பூஞ்சை. எடுத்துவிட்டேன்.
பதினேழாவது
படகுக்கும் துறைக்கும் இடையே போட்ட பலகைமேல்
ஆவி மாதிரி ஒரு வெளுப்பு.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
வெளுப்பின் அடியில்
மரப்பட்டையில் பின்னிய செருப்போடு
ஒரு கால்.
ஒன்றே ஒன்று.
ஊன்றிய நொடிக்கு மட்டும் அது பதிந்திருக்கிறது.
மற்றதெல்லாம்,
தோள், மூட்டை, முகம்,
நடந்துபோய்விட்டது.

அந்தக் காலத்துக் கேமராவுக்கு
அசையாதவர்களைத்தான் தெரியும்.
கைத்தடி ஊன்றிய முதலாளிக்கு
பொத்தான்களைக்கூட எண்ணிவிடலாம்.
சாக்குக் குவியலடியில் தூங்கிய நாய்க்கும்
முகம் கிடைத்திருக்கிறது.

தாருகானாவில் கப்பல் உடைக்கிறான் தங்கப்பழம் அண்ணன்.
போன வருடம் ஒரு கப்பலிலிருந்து
எனாமல் பலகை ஒன்று கொண்டுவந்தான்.
தண்ணீர் டிரம்முக்கு அதுதான் மூடி.
அதில் கவிழ்த்துவைத்த நாற்காலி போல ஓர் எழுத்து.
இங்கே, படத்தின் ஓரத்தில்,
ஒரு கடைப்பலகையிலும் அதே நாற்காலி.
சொந்தக்காரரைக் கூட்டத்தில் பார்த்த மாதிரி இருந்தது.
யாரிடம் போய்ச் சொல்ல,
மணி மூன்று.

அண்ணனைப் பாஸுக்காகப் படமெடுத்தபோது
நாலு தடவையும் கலங்கிவிட்டது.
"நில்லுன்னு சொல்லாத தாயி,
அஞ்சே முக்கால் போயிரும்" என்றபடியே
சட்டைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தான்.

பதினேழாவதை அப்படியே விட்டேன்.
மேலே ஆற்றின் ஒளியைக்
கொஞ்சம் கூட்டினேன், கேட்காமலேயே.

பிரபோத் சாவந்த் திருப்பி அனுப்பினார்.
சிவப்பு எழுத்தில்: கறை நீக்கப்படவில்லை.
பதினொரு ரூபாய் பிடித்தம்.

விளக்கம் என்ற கட்டத்தில்
நாற்பது எழுத்துக்குத்தான் இடம்.
தட்டினேன்:

கறை இல்லை சார்.
வேலையாக இருந்தார்.