காரணம் என்னும் கட்டம்

முதலில் தட்டிப் பார்ப்பேன்.
ஊடுகதிர்ப் படமெல்லாம் பிறகு.
சின்னக் கண்ணாடியின் காம்பால் மெல்ல ஒரு தட்டு.
பற்றியிருந்தால் பீங்கான் கோப்பை போலக் கணீரென்னும்.
பற்றாதது
நனைந்த மரம்.

எகோன் பிஹ்ல்மையர் வாயில் அன்று
நனைந்த மரம்.

வீனர் நொய்ஷ்டாட்டில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
முக்கால் மணி நேர ரயிலில் எல்லை தாண்டி
எங்கள் சோப்ரோனுக்கு வந்தவர்,
அவர் ஊரில் கேட்ட விலையில் பாதிக்கு
இங்கே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும் என்று நம்பி.
முதல் நாளே கேட்டார்:
"எவ்வளவு விசையில் இறுக்குவீர்கள், டாக்டர்?"
முப்பத்தைந்து நியூட்டன் சென்டிமீட்டர் என்றேன்.
தலையாட்டினார்,
ஒரே பட்டறையில் வேலை செய்பவர்கள் போல.

நான் சொல்லாமல் விட்டது:
அந்த இறுக்கம் முதல் சில நாட்களுக்குத்தான்.
பிறகு திருகின் பிடி தளரும்,
எலும்பின் பிடி தொடங்கும்.
இரண்டுக்கும் நடுவே
யாரும் யாரையும் சரியாகப் பிடிக்காத
சில வாரங்கள் உண்டு.
டைட்டானியத்தை எலும்பு துரத்துவதில்லை.
உறவென்று கொண்டாடுவதும் இல்லை.
மனம் வந்தால்
பக்கத்தில் வந்து உட்காரும், அவ்வளவுதான்.

நான்கு மாதம் கழித்து மூடியைத் திறக்கப் போனேன்.
சாவியோடு சேர்ந்து
திருகும் சுழன்றது.
வலி இல்லை, சீழ் இல்லை.
நான்கு மாத வேலை
ஓசையில்லாமல் பல்லிளித்தது.
விரலாலேயே கழற்றினேன்.
ஈரப் பாலாடை போல
ஒரு சவ்வு மட்டும் அதைச் சுற்றியிருந்தது.

படிவத்தின் கடைசிக் கட்டம்: காரணம்.
போர்பாலா பேனாவோடு காத்திருந்தாள்.
"புகைபிடிப்பவர்" என்று சொல்ல
என் வாய் பாதி திறந்துவிட்டது.
எவ்வளவு வசதியான சொல்.

அப்போதுதான் அந்தக் குழாய்.
துளையிடும்போது உப்புநீர் சொரியும் குழாய்
அன்று நாற்காலிக் கைப்பிடியில் மடங்கிக் கிடந்தது.
எத்தனை நொடி?
ஐந்து. பத்தாகவும் இருக்கலாம்.
எலும்புக்குச் சூடு ஆகாது.
வெந்தாலும் கத்தாது.
போர்பாலா பார்த்தாள், குழாயை நீவிவிட்டாள்.
அதன்பிறகு அதைப் பற்றி நாங்கள் இருவரும்
வானிலை பேசினோம்.

"அன்று தண்ணீர் சற்று நின்றுவிட்டது" என்றேன் அவரிடம்.
சரியாக அந்த வாக்கியத்தில்
என் ஜெர்மன் இலக்கணம் தடுக்கி விழுந்தது.
அவர் வாயிலிருந்த பஞ்சைத் துப்பினார்.
"ஒரு நாளைக்கு மூன்று சிகரெட் என்று எழுதிக் கொடுத்தேன்.
இருபது."

பிறகு கொஞ்ச நேரம் லிஃப்ட் பற்றிப் பேசினார்.
கயிற்றை அறுந்துபோக விட்டவனை மன்னித்துவிடலாமாம்.
ஏன் அறுந்தது என்று பொய் எழுதியவன்தான்
அடுத்து ஏறுகிற ஆளைக் கொல்கிறவனாம்.
என்னைத் திட்டவில்லை.
மன்னிக்கவும் இல்லை.
பில்லில் தள்ளுபடி கேட்டார்.
கொடுத்தேன்.

கட்டத்தில் போர்பாலா இரண்டையும் எழுதினாள்.
இடம் போதாமல் இரண்டாவது காரணம்
ஓரத்தில் ஏறிச் சாய்ந்து நிற்கிறது.
எது இரண்டாவது என்று சொல்ல மாட்டேன்.

பள்ளத்தில் மாட்டெலும்புத் தூள் நிரப்பித் தைத்தேன்.
"எந்த ஊர் மாடு?" என்றார், உணர்விழந்த உதட்டோடு.

தோற்ற திருகுகளை
மிளகாய் விழுது தீர்ந்த ஒரு கண்ணாடிக் குப்பியில் போடுவது என் வழக்கம்.
பதினொன்று இருந்தன.
பன்னிரண்டாவது விழுந்தபோது
கணீரென்றது.
இத்தனை மாதம் அவர் தாடையில்
நான் கேட்கக் காத்திருந்த அதே ஒலி.

நவம்பரில் மறுபடி வந்தார், மறுபடி துளைத்தேன்.
குழாயைப் போர்பாலா கையிலேயே பிடித்திருந்தாள்.
இது நான்காவது வாரம்.
யாரும் யாரையும் பிடிக்காத வாரம்.

கேட்காமலேயே தினமும் இரவில்
அவரிடமிருந்து ஓர் எண் வருகிறது, வெறும் எண்.
பதினேழு. பதினான்கு. பதினாறு.
நேற்று ஒன்பது.

இன்றைக்கு மணி பதினொன்றரை.
இன்னும் வரவில்லை.