நாலு விரல்

சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே
நாலு விரல் நுழையும்.
ஒரு விரலாகணும் என்றான் ஜுவெனல்.

புது ஸ்பிரிங்குக்கு இரண்டு மாதச் சம்பளம்.
கோன்டாஜெம் பழைய இரும்புக் கடையில்
யாரோ கழற்றிப் போட்ட செட்,
சிவப்புப் பெயின்ட் பாதி உரிந்தது,
ஐந்தில் ஒரு பங்குக்குப் படிந்தது.
இறுக்கும் கருவி மணிக்கணக்கில் வாடகை.
அதனால் மதியச் சோறு இல்லை.

பழைய ஸ்பிரிங்கை நான் இறுக்கும்போது
அவன் தள்ளி நின்றான்.
நழுவினால் தாடையைப் பெயர்க்கும்;
அவனுக்கும் தெரியும், எனக்கும்.
துருவேறிய ஒரே ஒரு நட்டு
நாற்பது நிமிடம் தின்றது.

ஜாக்கை இறக்கினோம்.
சதுர மூஞ்சிக் கார்
எலியைக் கண்ட பூனையாய்ப் பம்மியது.
ஒரு விரல்.
என் விரலா உன் விரலா என்று கேட்டேன்.
பதில் இல்லை, பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

தெருமுனை வேகத்தடையில்
அடிவயிறு கீச்சிட்டது.
"இறங்கு, ரோசில்டா."
இறங்கினேன்.
என் எடை போனதும் மயிரிழை நிமிர்ந்து
கோணலாக ஏறியது.

கடை மூட இருபது நிமிடம்.
கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு
நடந்தே போய்க் கொடுத்தேன்.
திரும்பி வரும்போது
அவன் மூன்றாவது தடையில் இருந்தான்.