சென்சரைக் கழற்றிய பிறகு

விடியுமுன்,
எண்ணூறு இடியப்பம், இரண்டு வாளி சம்பலோடு
ஒருகொடவத்தை மேம்பாலத்தின் பாதியில்
வான் நின்றுவிட்டது.
நின்றது என்பது சரியில்லை.
ஓடிக்கொண்டுதான் இருந்தது, நடக்கிற வேகத்தில்;
மிதிக்க மிதிக்க உறுமாமல்
மூக்கடைத்தவன் கதை கேட்டு "ம்" கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.
பின்னால் வந்த கொள்கலன் லொறிக்காரன்
சிங்களத்தில் என் தாயைப் பற்றி ஏதோ சொன்னான்.

இரண்டு மாதமாக இதற்குத் தீனி போட்டேன்.
பிளக் மூன்று, பெற்றோல் ஃபில்டர், பம்ப்,
கடைசியில் சீட்டுக் காசில் ஒரு கொயில்.
உள்ளே போவதையே எல்லோரும் பார்த்தார்கள்.
வெளியே போவதைப் பற்றி
ஒருவரும் கேட்கவில்லை.

பஞ்சிகாவத்தையில் ஃபாயிஸ் நானா
முதலில் சாவியைத் தொடவே இல்லை.
முழங்கால் மட்டும் வெளியே தெரியப் படுத்து
புகைக்குழாயை ஸ்பானரால் தட்டிக் கேட்டார்,
இளநீர் பார்ப்பவர் மாதிரி.
பிறகு ஒட்சிசன் சென்சரைக் கழற்றி
அந்தத் துளையில் ஒரு மானியை முறுக்கினார்.
"ஜெனோவா, மிதிங்க. இன்னும். அப்படியே பிடிங்க."
முள் இரண்டு. நான்கு.
ஒன்பதில் போய் நடுங்கிக்கொண்டு நின்றது.
"மூணத் தாண்டப் படாது."

குழாயின் நடுவில் இருக்கிற தேன்கூடு
உருகி அடைத்திருக்கிறதாம்.
எரிந்த காற்றுக்குப் போக வழியில்லை.
போகாதது சிலிண்டருக்குள்ளேயே குந்தியிருக்கும்.
அது குந்திய இடத்தின் அளவுக்குப்
புதுக்காற்று குறையும்.
சக்கரத்துக்குப் போக வேண்டிய பலத்தில் ஒரு பங்கை
பிஸ்டன்
புகையைத் தள்ளவே செலவழிக்கும்.

(இதை நான் உவமையாக்கப் போவதில்லை.
எங்கள் நடு அறையைப் பற்றி,
அதில் அடைந்து கிடக்கும் செபஸ்தியின் பெட்டிகளைப் பற்றி
இங்கே ஒரு சொல்லும் வராது.)

பக்கத்துக் கடை இமேஷ் சொன்னான்:
"குடைஞ்சு எடுங்க அக்கா. வெறுங்குழாய். றேஸ் மாதிரிப் பறக்கும்."
அவன் கண் தேன்கூட்டின் எடையில் இருந்தது.
தேத்தண்ணியோடு நின்ற ஒருவர் மறுத்தார்:
"முழுக்கத் திறந்தா இழுவை போயிரும்.
எஞ்ஜினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேணும்."

நானாவுக்குக் கோபம் வந்ததை
அன்றுதான் பார்த்தேன்.
"அழுத்தம் ஒரு எஞ்ஜினுக்கும் வேணாம்.
வேணும்கிறது வேகம்.
அளவான குழாயில விரைஞ்சு போற புகை
தனக்குப் பின்னால வெறுமைய விட்டுட்டுப் போகும்.
அடுத்த மூச்ச இழுத்து எடுக்கிறது அந்த வெறுமைதான்.
குழாய் அகலமானா புகை சோம்பி நடக்கும்,
இழுக்க ஆளில்ல.
அதத்தான் நீங்க அழுத்தம் குறைஞ்சிட்டுன்னு சொல்றீங்க."
தேத்தண்ணிக்காரர் கோப்பைக்குள் பார்த்தார்.

புதியதன் விலையைக் கேட்டேன்.
காது கேட்காதவள்போல் இன்னொருமுறை கேட்டேன்.
மாறவில்லை.
புகைச் சான்றிதழ் வேறு ஆகஸ்டில் முடிகிறது.

சரிபார்க்க ஒரு சுற்று,
சென்சர் இல்லாத துளையோடு.
அம்மாடி, அந்தச் சத்தம்!
டெக்னிக்கல் சந்தியில் பொலிஸ்காரர்
விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்தார்.
இரண்டாம் கியர், மூன்றாம் கியர்.
இந்தச் சின்ன எஞ்ஜின்
இவ்வளவு நாளும் இதை எங்கே வைத்திருந்தது?
நானா பக்கத்து சீட்டில் ஏதோ கத்தினார்.
கேட்காததுபோல் மிதித்தேன்.

அடைத்துக்கொண்டிருந்த சனியனுக்கு
இமேஷ் நல்ல விலை தந்தான்.
மிச்சக் காசுக்கு
மூன்று மாதம் கராஜ் பொடியன்களுக்குக்
காலை இடியப்பம்.

இன்று மேம்பாலத்தில்
அதே கொள்கலன் லொறி, எனக்கு முன்னால்,
பாரத்தோடு ஊர்ந்துகொண்டிருந்தது.
ஹோர்னை அழுத்தி, ஒதுக்கி, முந்தினேன்.
கண்ணாடியை இறக்கினேன்.
சிங்களத்தில் எனக்கும்
ஒரு வார்த்தை தெரியும்.